வண்டி நிற்குமுன் நேரசூசி மாறும்

ஒரு புகையிரதப் பாதையை மக்களிடமிருந்து பறிப்பதற்கு வழிகள் இரண்டு உள. ஒன்று, தண்டவாளத்தைப் பெயர்த்துவிடுவது. மற்றது, தண்டவாளம் கிடந்தபடியே கிடக்க, அதன்மேல் ஓடும் வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவது. முதலாவதை வடபகுதி மக்களாகிய நாம் கண்ணாரக் கண்டவர்கள். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான வண்டி நின்றது. பின்னர் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையங்கள் கூரையிழந்து, சுவர்களில் ஆலும் அரசும் முளைத்துக் கிடந்தன. அந்த இழப்பை எவரும் எமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வழியோ ஓசையற்றது. அதில் வெடியுமில்லை, புகையுமில்லை. பத்திரிகையிற் கொட்டை எழுத்துத் தலைப்புமில்லை. ஒரு நாட் காலை நிலையத்துச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டப்படுகிறது. இன்ன இலக்க வண்டி இன்ன திகதி முதல் ஓடாது என்று அதில் எழுதியிருக்கும். பிரயாணிகள் வாசிப்பார்கள், முணுமுணுப்பார்கள், பஸ் நிலையத்தை நோக்கி நடப்பார்கள். அத்தோடு காரியம் முடிந்துவிடும். இக்கட்டுரை இந்த இரண்டாவது வழியைப் பற்றியது. முதலாவது வழியைத் தடுக்க எம்மிடம் பலம் இருக்கவில்லை. இரண்டாவது வழியைத் தடுக்கும் பலம் எம்மிடம் உண்டு. அதைப் பயன்படுத்தும் பழக்கமே இல்லை.

யாருடைய வண்டி?

காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதல் வண்டி ஓடியது 1902 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்வண்டி வந்தது 1905 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். இந்த வரிசையைச் சற்று ஆழ்ந்து நோக்குக. கொழும்போடு நாம் இணைக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே குடாநாட்டுக்குள் ஊருக்கும் ஊருக்கும் இடையே வண்டி ஓடியிருக்கிறது. எமது பாதையின் தலைப்பிள்ளை உள்ளூர்ச் சேவையே. நெடுந்தூர வண்டி அதன் தம்பி.

இன்றோ புகையிரதம் என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவது 1956 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் யாழ்தேவிக்கு ஓர் இடையூறு வந்தால் பாராளுமன்றத்திற் கேள்வி எழும். கொழும்பிலுள்ளவர்கள் தொலைபேசியை எடுப்பார்கள். மாவிட்டபுரத்தில் நின்று, மல்லாகத்தில் நின்று, கோண்டாவிலில் நின்று, மீசாலையில் நின்று, எழுதுமட்டுவாளில் நின்று போகின்ற சாதாரண வண்டிக்கு இடையூறு வந்தால் யார் எழும்புவார்கள்? கொடிகாமத்திலிருந்து கிளிநொச்சிப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, அறிவியல் நகரிலுள்ள பல்கலைக்கழகப் பீடங்களுக்குப் போகும் மாணவன், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வரும் பளை முதியவர், கச்சேரியிலும் வங்கியிலும் நீதிமன்றத்திலும் காலை எட்டரைக்குக் கையொப்பமிட வேண்டியவர்கள், வாழைக்குலையையும் முருங்கைக்காய்க் கட்டையும் சந்தைக்குக் கொண்டுபோகும் தோட்டக்காரர் — இவர்களுடைய வண்டி அது. இவர்களிற் பலர் ஒருவரையொருவர் முகத்தால் அறிவர், பெயரால் அறியார். ஒரே பெட்டியில் ஆண்டுக்கணக்காகப் பிரயாணஞ் செய்தும் இவர்களுக்கு ஒரு சங்கம் இல்லை. சங்கமில்லாதவனுடைய வண்டியே முதலிற் கத்திக்கு இரையாகும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை.

போர் முடிந்த பின்னர் இப்பாதை மீண்ட வரலாற்றையும் மறத்தலாகாது. 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சிற் பளைக்கும், 2014 ஒக்டோபர் 13 ஆம் நாள் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டு வந்தது. இந்திய அரசு கொடுத்த கடனைக் கொண்டு இந்திய நிறுவனமொன்று பாதையை அமைத்தது. கொடுத்தது கடன், நன்கொடையன்று. அதைத் திருப்பிக் கொடுப்பவர்கள் இந்நாட்டின் வரியிறுப்பாளர்கள், அதாவது நீரும் நானும். வண்டி ஓடாத பாதையிலும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே ஒரு வண்டியைக் குறைக்கும்போது சிக்கனம் என்று எவர் கூறினும், அந்தச் சிக்கனக் கணக்கில் இந்த வட்டியையும் சேர்த்தெழுதுமாறு கேட்க எமக்கு முழு உரித்துண்டு.

குறைப்பு எவ்வாறு நிகழ்கிறது?

ஓர் உள்ளூர் வண்டியை ஒரே நாளில் நிறுத்துவது ஆள்வோருக்குத் தொல்லை தரும் காரியம். சனம் கூடும், சத்தம் போடும். ஆகவே நிறுத்தவேண்டிய வண்டியை முதலில் வெறுமையாக்குகிறார்கள். எவரும் ஏறாத வண்டிக்கு எவரும் அழமாட்டார்கள் அன்றோ?

வெறுமையாக்கும் முறைகள் சில. பாடசாலை மணி ஏழரைக்கு அடிக்குமானால், வண்டி ஏழே முக்காலுக்கு வந்துசேருமாறு நேரத்தை மாற்றுவது ஒன்று. கால்மணி நேர மாற்றந்தானே என்று தோன்றும். அந்தக் கால்மணி நேரம் ஒரு பெட்டி மாணவரையும் ஆசிரியரையும் பஸ்சுக்கு அனுப்பிவிடும். ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றதைப் பிடிக்கும் இணைப்பை ஐந்து நிமிடத்தால் அறுத்துவிடுவது இன்னொன்று. பெட்டிகளைக் குறைப்பது, பழுதடைந்த இயந்திரத்தை அந்தச் சேவைக்கே ஒதுக்குவது, முன்னறிவித்தலின்றி வாரத்தில் இரண்டு நாள் இரத்துச் செய்வது என்பன வேறு சில. நம்பமுடியாத வண்டியை நம்பி எவர் தொழிலுக்குப் போவார்? ஒரு மாதத்தில் மூன்று முறை பிந்தியவன் நான்காம் முறை மோட்டார்ச் சைக்கிளில் ஏறிவிடுவான்.

இன்னும் நுட்பமான முறை ஒன்றுண்டு. சிறு நிலையங்களிற் சீட்டு விற்பனையை நிறுத்திவிட்டால், அங்கு ஏறுபவர்களுடைய பணம் அந்த நிலையத்தின் பெயரிற் பதிவாகாது. பருவச்சீட்டு வைத்திருப்பவன் எங்கே வாங்கினானோ அந்த நிலையத்தின் கணக்கிலேயே அவன் நிற்பான். ஓராண்டின் பின்னர் புத்தகத்தைப் புரட்டினால், அச்சிறு நிலையத்தில் வருமானம் இல்லை, ஆகவே பிரயாணிகளும் இல்லை என்று தெரியும். மேடையில் ஐம்பது பேர் நின்றாலும் ஏட்டில் ஒருவரும் நில்லார்!

இவை யாவும் தீய எண்ணத்தோடு செய்யப்படுகின்றன என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆட்பற்றாக்குறை உண்மையானது. ஓய்வுபெறும் வயது அறுபதாக்கப்பட்டதன் விளைவாக 2022 ஆம் ஆண்டின் இறுதி நாளிற் பெருந்தொகையான அரசாங்க ஊழியர்கள் ஒருங்கே விலகினர். அதையடுத்துக் கொழும்பைச் சுற்றிய பாதைகளிலும் வண்டிகள் இரத்தாயின. சாரதியும் காவலரும் இல்லாமல் வண்டி ஓடாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் பற்றாக்குறை வரும்போது எந்த வண்டியை முதலில் வெட்டுவது என்று எவரோ ஒருவர் ஓர் அறையிலிருந்து முடிவு செய்கிறார். அந்த முடிவுக்கு முன் அவர் எவரைக் கேட்டார்? எந்தக் கணக்கைப் பார்த்தார்? எமது வினா அதுவே.

நம் நாட்டிலேயே இதற்கு முன்னுதாரணங்கள் உள. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓர் ஒடுங்கிய பாதை 1903, 1904 ஆம் ஆண்டுகளிற் போடப்பட்டது. தேயிலைத் தோட்டங்களினூடே ஓடிய அச்சிறு வண்டி, வீதிப் போக்குவரவோடு போட்டியிட மாட்டாமல் 1940களில் மறைந்தது. களனிவெளிப் பாதை ஒருகாலத்தில் அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரியையும் கடந்து ஓப்பநாயக்க வரை சென்றது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி கைவிடப்பட்டது. இன்றும் இரத்தினபுரி மக்கள் புகையிரதத்துக்கு அவிசாவளைக்கே வரவேண்டும். போன பாதை திரும்பி வருவது எளிதன்று. தண்டவாளம் இருந்த நிலத்தில் வீடு முளைக்கும், கடை முளைக்கும், பின்னர் வாக்குரிமையும் முளைக்கும்!

இங்கிலாந்தில் ஒரு வழக்கு

வண்டியைக் காக்கப் புறப்பட்ட மக்கள் வென்ற கதை ஒன்றை இங்கே விரித்துரைப்பது பயன்தரும். அது இங்கிலாந்தின் வடபகுதியில் நிகழ்ந்தது. செற்றில் என்ற சிற்றூருக்கும் கார்லைல் நகருக்கும் இடையே, மலைகளையும் பாலைத் தரிசுகளையும் ஊடறுத்து, ஏறக்குறைய 72 மைல் நீளமான பாதை ஒன்றுண்டு. 1876 ஆம் ஆண்டு தொட்டு அதில் பிரயாணிகள் வண்டி ஓடுகிறது. அப்பாதையின் மணிமகுடம் றிபிள்ஹெட் என்னும் இடத்தில் 24 வளைவுகளோடு நிற்கும் மாபெரும் கற்பாலம்.

1963 ஆம் ஆண்டு பீச்சிங் என்பவர் பிரித்தானியப் புகையிரதங்களைச் சீரமைக்கும் அறிக்கையை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களையும் ஏறக்குறைய ஐயாயிரம் மைல் பாதையையும் மூடலாம் என்றார். இந்த முடிவுக்கு ஆதாரமாகப் பிரயாணிகளை எண்ணிய காலம் எவ்வளவு தெரியுமா? 1961 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரே ஒரு கிழமை! கோடை விடுமுறையிற் சனம் நிறைந்து வழியும் கடற்கரை ஊர்களின் பாதைகளும் குளிர் நீங்காத ஏப்ரலிலேயே எண்ணப்பட்டன. நல்லூர்த் திருவிழாக் காலத்தை விட்டு மாரி மழையில் யாழ்ப்பாண நிலையத்து மேடையை எண்ணியதற்கு அது ஒப்பாகும். எண்ணுகின்ற நாளைத் தெரிபவனே விடையையும் தெரிகிறான் என்பதை நாம் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

செற்றில்–கார்லைல் பாதை அன்று தப்பியது. ஆனால் நோய் பற்றிக்கொண்டது. 1970 ஆம் ஆண்டு மே மாதத்தில் இடையிலிருந்த நிலையங்களுள் செற்றில், அப்பிள்பி என்ற இரண்டைத் தவிர ஏனையவற்றை மூடினர். 1982 ஆம் ஆண்டு அவ்வழியே சென்ற நெடுந்தூர வண்டிகளை வேறு பாதைக்குத் திருப்பினர். எஞ்சியவை நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் இரண்டே வண்டிகள். அதன்பின், பிரயாணிகள் இல்லை, பாலத்தைத் திருத்தப் பல மில்லியன் பவுண் வேண்டும் என்று காரணங் கூறி, 1983 ஆம் ஆண்டின் இறுதியில் மூடும் அறிவித்தலை வெளியிட்டனர். முதலில் நிலையங்களை மூடு. பின்னர் வண்டிகளைக் குறை. அதன்பின் ஆளில்லை என்று சொல்! நாம் மேலே கூறிய வழி அட்சரம் பிசகாமல் அங்கே நடந்தது.

ஆனால் அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. 1962 ஆம் ஆண்டுப் போக்குவரவுச் சட்டத்தின்படி, ஒரு பாதையில் பிரயாணிகள் சேவையை அடியோடு நிறுத்துவதாயின் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும்; ஆட்சேபிப்போருக்கு ஆறு கிழமை அவகாசம் கொடுக்க வேண்டும்; ஆட்சேபனை வருமானால், பிரயாணிகளின் நலங்காக்கும் ஆலோசனைக் குழு விசாரித்து, மூடுவதால் மக்களுக்கு நேரும் இன்னல் யாது என்று அமைச்சருக்கு அறிக்கையிட வேண்டும்; அமைச்சரின் இணக்கமின்றி மூடலாகாது. அக்குழு ஆராய வேண்டியது புகையிரதச் சபைக்கு நேர்ந்த நட்டத்தையன்று. மக்களுக்கு நேரும் இன்னலையே. சட்டத்தின் இந்தக் கூற்றை அம்மக்கள் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

1981 ஆம் ஆண்டிலேயே, அதாவது அறிவித்தல் வருமுன்னரே, பாதையின் நண்பர்கள் என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். அறிவித்தல் வந்ததும் ஊரூராகச் சென்று ஆட்சேபனைகளைத் திரட்டினார்கள். பொதுவான வாய்பாட்டில் ஒப்பமிட்ட ஒரேயொரு மகஜரை அவர்கள் நம்பியிருக்கவில்லை. தனித்தனி ஆட்சேபனைகள் 22,265 சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, எசமானனோடு கட்டணஞ் செலுத்திப் பிரயாணஞ் செய்த ஒரு நாயின் பாத அடையாளம்! கட்டணஞ் செலுத்திய பிரயாணி என்ற முறையில் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். நகைப்புக்குரியதாகத் தோன்றினும், அந்த எண்ணிக்கையின் ஒவ்வோர் அலகும் கணக்கில் ஏறியது என்பதே இங்கு கருத்து.

1986 ஆம் ஆண்டு பாதையோரத்து ஊர்களிலும் நகரங்களிலும் பகிரங்க விசாரணைகள் நடந்தன. அதே ஆண்டில் உள்ளூராட்சிச் சபைகள் பொருளுதவி செய்து, மூடப்பட்டிருந்த சிறு நிலையங்கள் பலவற்றை மீளத் திறப்பித்து உள்ளூர் வண்டியை ஓடச் செய்தன. மூடும் பணியை நடத்துவதற்கென்று புகையிரதச் சபை நியமித்த றொன் கொட்டன் என்ற அதிகாரியே, மலிவான சீட்டுக்களை விற்றும் விளம்பரஞ் செய்தும் பாதையை வளர்த்தெடுத்தார் என்பது இவ்வரலாற்றின் இனிய பகுதி. 1983 ஆம் ஆண்டு 93,000 ஆக இருந்த பிரயாணங்களின் தொகை 1989 ஆம் ஆண்டளவில் 450,000 ஆக உயர்ந்தது. பாலத்தைப் பரிசோதித்துத் திருத்திப் பார்த்தபோது, முன்னர் அச்சமூட்டிய மதிப்பீட்டைவிடச் செலவு குறைவென்று கண்டார்கள். 1988 ஆம் ஆண்டு மே மாதம்வரை மூடவே கருதியிருந்த அரசாங்கம், 1989 ஏப்ரல் 11 ஆம் நாள் இணக்கம் மறுத்தது. பாதை பிழைத்தது.

இதிலே எமக்குள்ள பாடம் யாது? அம்மக்களின் வெற்றிக்கு அழுகையும் ஆவேசமும் மட்டும் காரணமாகமாட்டா. அவர்கள் கணக்கெடுத்தார்கள், இன்னலை ஆளுக்காள் எழுத்தில் பதிவு செய்தார்கள், உள்ளூராட்சிச் சபைகளைத் தம்மோடு நிறுத்தினார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியில் ஏறினார்கள்.

நட்டக் கணக்கு

"புகையிரதத் திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது, நட்டந்தரும் வண்டியை ஏன் ஓட்டவேண்டும்?" என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்விதான், நேர்மையான விடை வேண்டும்.

ஏ–9 வீதி இலாபந் தருகிறதா என்று எவரும் கேட்பதில்லை. அதற்குத் தாரூற்றுவதும் பாலங் கட்டுவதும் பொதுப்பணமே. வீதியின் செலவு ஒரு கணக்கிலும், அதில் ஓடும் பஸ்சின் வருமானம் வேறொரு கணக்கிலும் எழுதப்படுகின்றன. புகையிரதத்துக்கோ பாதையும் வண்டியும் சைகைக் கம்பமும் நிலையமும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன. ஒரே தராசில் நிறுக்காமல் ஒன்றைக் கனமென்றும் மற்றதை இலேசென்றும் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

2022 ஆம் ஆண்டை நினைவிற் கொள்க. பெற்றோலும் டீசலும் இல்லாமல் நாடு தடுமாறியது. எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்காக வரிசை நின்றது. ஆசிரியரும் உத்தியோகத்தரும் வேலைக்குப் போக வழியில்லை. அவ்வாண்டு யூலை மாதத்தில், காங்கேசன்துறைக்கும் கிளிநொச்சிப் பக்கத்துக்கும் இடையே 'யாழ் ராணி' என்ற பெயரில் உள்ளூர் வண்டி ஒன்று ஓடவிடப்பட்டது. நாடே பணமில்லாதிருந்த அந்த நாட்களில் பெட்டி கிடைத்தது, இயந்திரம் கிடைத்தது, சாரதி கிடைத்தார், நேரசூசியும் எழுதப்பட்டது. அரசாங்கத்துக்குத் தன் கந்தோர்கள் திறக்கப்பட வேண்டும் என்ற தேவை வந்தபோது வழி பிறந்தது. அத்தேவை மக்களுடையதாயிருக்கும்போது மட்டும் வழி அடைபடுவதேன்?

பாதை திருத்தத்துக்காக 2023 ஆம் ஆண்டிற் சில மாதங்கள் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலும், 2024 ஆம் ஆண்டிற் பல மாதங்கள் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலும் பாதை மூடப்பட்டிருந்தது. அவை நன்மைக்கான வேலைகள்; அதை மறுப்பது அறிவீனம். ஆனால் தொடர்ச்சியாக வண்டியில்லாத வாழ்வு எத்தகையது என்பதற்கு அம்மாதங்கள் ஓர் ஒத்திகையாயின. பஸ்சுக்குக் கொடுத்த மேலதிகப் பணமும், வீதியிற் கழிந்த மேலதிக நேரமும், சந்தைக்குப் பிந்திய சரக்கின் விலைவீழ்ச்சியும் திணைக்களத்தின் இலாபநட்டக் கணக்கில் ஏறமாட்டா. அவை எமது வீட்டுக் கணக்கில் ஏறும். திணைக்களம் மீதப்படுத்தும் ஒரு ரூபாவுக்காக மக்கள் பல ரூபா இழப்பார்களாயின், அதற்குப் பெயர் சிக்கனமன்று, பாரமாற்றம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். எந்த வண்டியையும் எக்காலத்திலும் மாற்றக்கூடாது என்று வாதிப்பது எமது நோக்கமன்று. எவருக்கும் பயன்படாத நேரத்தில் ஓடும் வண்டி இருக்குமானால் அதைப் பயன்படும் நேரத்துக்கு மாற்றட்டும். தனியார் பஸ் முதலாளிகளும் தொழிலாளரும் எமக்குப் பகைவரல்லர். நிலையத்து வாசலில் வண்டிக்கு இணைப்பாக பஸ் நிற்குமானால் இருவருக்கும் பிழைப்புண்டு. நாம் வேண்டுவது ஒன்றே: வெட்டுமுன் கேள், கேட்டதை எழுது, எழுதியதை வெளியிடு.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, காங்கேசன்துறை முதல் வவுனியா வரை ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பிரயாணிகள் சங்கம் வேண்டும். ஐந்து பேர் போதும். ஆனால் அவ்வைவருள் ஓர் ஆசிரியர், ஓர் உத்தியோகத்தர், ஒரு மாணவர், ஒரு கமக்காரர், ஒரு பெண் பிரயாணி இருத்தல் நன்று. கற்றவன் எழுதுவான், கமக்காரன் கூட்டுவான். எழுத்தும் கூட்டமும் பிரிந்து நின்ற இயக்கம் எதுவும் எம்மண்ணில் நிலைத்ததில்லை.

இரண்டாவதாக, எண்ணுங்கள். மாதத்தில் ஒரு முழுக்கிழமை, காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் ஏறியோர் இறங்கியோர் தொகையை ஒரு பாடசாலைக் கொப்பியிற் குறியுங்கள். வண்டி வரவேண்டிய நேரம், வந்த நேரம், பெட்டிகளின் தொகை, இரத்தான நாள் ஆகியவற்றையும் எழுதுங்கள். பாடசாலைத் தவணையிலும் எண்ணுங்கள், விடுமுறையிலும் எண்ணுங்கள். அறுவடைக் காலத்திலும் எண்ணுங்கள், திருவிழாவிலும் எண்ணுங்கள். பன்னிரண்டு மாதத்துக் கொப்பி ஒன்று, பன்னிரண்டாயிரம் ஒப்பமிட்ட மகஜரைவிட வலிமையுடையது. திணைக்களம் ஒரு கிழமைக் கணக்கை நீட்டும்போது நாம் ஓராண்டுக் கணக்கை நீட்டலாம்.

மூன்றாவதாக, சீட்டு வாங்குங்கள். இதைச் சொல்லத் தயங்கவில்லை. சீட்டில்லாமல் ஏறுபவன் தன் வண்டியின் பெட்டிச் சவப்பெட்டிக்குத் தானே ஆணி அடிக்கிறான். ஏறும் நிலையத்திலேயே பருவச்சீட்டு வாங்குங்கள். அங்கே விற்பனை இல்லையெனின் விற்குமாறு எழுத்திற் கேளுங்கள்.

நான்காவதாக, தகவலைக் கேட்டுப் பெறுங்கள். 2015 ஆம் ஆண்டு 19 ஆம் திருத்தத்தால் தகவல் அறியும் உரிமை அரசியலமைப்பில் அடிப்படை உரிமையாக இடம்பெற்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. புகையிரதத் திணைக்களம் ஓர் அரச திணைக்களம். அதன் தகவல் உத்தியோகத்தருக்கு எவரும் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர் என்று காரணங் கூற வேண்டியதில்லை. தமிழிலே கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாற் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு உண்டு. இன்ன வண்டியைக் குறைக்க முடிவெடுத்தது எந்நாள், எந்த எண்ணிக்கையைப் பார்த்து, எந்த மாற்று ஒழுங்கை ஆராய்ந்து என்று மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். விடை வந்தால் அது எமது சான்று. விடையில்லையென்றால் அதுவும் எமது சான்றே.

ஐந்தாவதாக, இன்னலை ஆளுக்காள் எழுதுங்கள். பெயர், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், பிரயாண நோக்கம், வண்டி இல்லையானால் உள்ள மாற்று வழி, அதற்காகும் மேலதிகச் செலவு, மேலதிக நேரம் — இவ்வேழும் ஒரு பக்கத்தில் அடங்கும். வீரவசனம் வேண்டா. "இவ்வண்டி இல்லையேல் நான் காலை நான்கரைக்கு வீட்டைவிட்டுப் புறப்படவேண்டும், என் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை" என்று ஒரு தாதி எழுதும் ஒரு வாக்கியம், மேடைப் பேச்சு நூறுக்குச் சமம்.

ஆறாவதாக, பிரதேச சபைகளும் நகர சபைகளும் தீர்மானம் நிறைவேற்றட்டும்; பாராளுமன்ற உறுப்பினர்கள் அத்தீர்மானங்களையும் எமது கொப்பிகளையும் சபையில் வைக்கட்டும்; பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கும் அவை போகட்டும்.

நீதிமன்றம் எங்கே நிற்கிறது என்ற கேள்வி எழும். சட்டத்தொழில் செய்வோன் என்ற முறையில் இதைத் தெளிவாகச் சொல்வது கடமை. நீதியரசர்கள் நேரசூசி எழுதமாட்டார்கள். எழுதும்படி கேட்பதும் முறையன்று. ஆனால் ஒரு நிருவாக முடிவு நியாயமாகவும் பாரபட்சமின்றியும் எடுக்கப்பட்டதா என்று கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தையும் சமமான பாதுகாப்பையும் உறுதிசெய்கிறது. அது மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாதம் என்பது மிகக் குறுகிய காலம். சுவரிற் கடதாசி ஒட்டிய பின்னர் சான்று தேடப் புறப்பட்டால் அந்த மாதம் தேடுவதிலேயே கழிந்துவிடும். கொப்பி முன்னரே நிறைந்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. இங்கிலாந்து மக்களுக்கு ஆறு கிழமை அவகாசமும் பகிரங்க விசாரணையும் சட்டத்திலேயே இருந்தன. அவ்வாறானதொரு சட்டப் பாதுகாப்பை — முன்னறிவித்தல், ஆட்சேபனை அவகாசம், இன்னல் விசாரணை, காரணங் காட்டிய முடிவு என்ற நான்கையும் — இந்நாட்டின் ஒவ்வொரு பாதைக்கும் வேண்டுமென்று கேட்பது எமது நீண்டகாலக் கோரிக்கையாகட்டும்.

ஒவ்வொரு பாதைக்கும் என்று சொன்னேன். களனிவெளிப் பாதையில் நெரிந்து செல்லும் சிங்களத் தொழிலாளிக்கும், கரையோரப் பாதையில் காலிக்கும் மாத்தறைக்கும் போகும் எழுதுவினைஞருக்கும், மட்டக்களப்புக்கு இரவு வண்டியிற் போகும் வியாபாரிக்கும், மலைநாட்டிற் சிறு நிலையங்களில் வண்டி காத்திருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இதே கேடு வரலாம், வந்துமிருக்கிறது. பிந்திய வண்டி எந்த மொழிக்காரன் பிரயாணி என்று பார்ப்பதில்லை. வடக்கின் கொப்பியும் தெற்கின் கொப்பியும் ஒரே மேசையில் வைக்கப்படுமானால், எமது குரலுக்கு இருமடங்கு வலிமை உண்டாகும். புகையிரத ஊழியர்களும் எம்மோடு நிற்கவேண்டியவர்களே. ஆளில்லாமல் இரட்டை வேலை செய்யும் சாரதியையும் நிலைய அதிபரையும் ஏசுவதால் வண்டி வரப்போவதில்லை. வெற்றிடங்களை நிரப்பு என்ற அவர்களின் கோரிக்கை எமது கோரிக்கையும் ஆகும்.

கால் நூற்றாண்டு நாம் வண்டியில்லாமல் இருந்தோம். 1990 இற்குப் பின் பிறந்த பிள்ளைகள் கோச்சி என்ற சொல்லைப் பாட்டன் வாயிற் கேட்டே வளர்ந்தார்கள். அவர்கள் முதன்முதலாக வண்டியிலேறிய நாளில், ஆனையிறவுக் கடல்நீரேரியை யன்னல் வழியே கண்டு வியந்த காட்சியை எம்மிற் பலர் அறிவோம். அந்தப் பிள்ளைகளே இன்று ஆசிரியராகவும் தாதியராகவும் எழுதுவினைஞராகவும் காலை வண்டியிலே நிற்கிறார்கள். போர் கொண்டுபோனதைப் பெரும் விலை கொடுத்து மீட்டோம். மீட்டதை ஒரு கடதாசித் துண்டுக்குப் பறிகொடுத்தால், அதற்குப் போரைக் காரணங் காட்ட முடியாது.

ஆகவே அடுத்த நேரசூசி அச்சேறுமுன் உங்கள் நிலையத்தில் ஐந்து பேர் கூடுங்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். நாளைக் காலை வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று முதற் பக்கத்தில் எழுதுங்கள்.